ரெனிஸ் முழங்கை யாருடையது? – தசை, என்பு ஊறுகள் பற்றிய ஒரு நோக்கு

மருத்துவச் சொற்களுட் சில, தாம் குறிக்கும் நோயின் தன்மையைக் காட்டிலும் அந்நோயை முதலில் உரத்துச் சொன்னவர் யார் என்பதையே நன்கு புலப்படுத்துகின்றன. 'ரெனிஸ் முழங்கை' என்பது அத்தகைய ஒரு சொல்லாகும். முழங்கையின் வெளிப்புறத்தே தோன்றி, கைகுலுக்கவும் தேநீர்க் கோப்பையைத் தூக்கவும் முடியாதவாறு முன்கை வழியே பரவும் நோவுக்கு வழங்கும் பெயர் இது. ரெனிஸ் ஆடுவோரைத் தாக்கும் ஊறுகளை ஆராயப் புகும் நாம் இப்பெயரிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

1873ஆம் ஆண்டிலே பேர்டினன்ட் றுங்கே என்னும் ஜேர்மானிய வைத்தியர், எழுதுவோர்க்குக் கையில் ஏற்படும் பிடிப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், மேற்கை என்பின் வெளிப்புடைப்பின் மேல் அழுத்தும்போது நோவு தோன்றுவதை விவரித்தார். நூல்கள் இந்நோய்க்கு முதற் சான்றாகக் கொள்வது அக்கட்டுரையையே. புற்றரை ரெனிசுக்கு மேஜர் வோல்ற்றர் விங்ஃபீல்ட் ஆக்கவுரிமை பெற்றது அதற்கு அடுத்த ஆண்டாகிய 1874இலாகும். விம்பிள்டனில் முதற் போட்டி 1877இல் நடைபெற்றது. விளையாட்டு இங்கிலாந்தின் மேட்டுக்குடி இல்லங்களின் புற்றரைகளில் விரைந்து பரவிய பின்னர், 1882இல் ஹென்றி மொறிஸ் குதிரையேறுவோரின் தசை ஊறுகளைப் பற்றி எழுதுகையில் 'புற்றரை ரெனிஸ் கை' என்னும் தொடரைக் கையாண்டார். மறு ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் 'புற்றரை ரெனிஸ் முழங்கை' என்னும் தலைப்பே இடம்பெற்றது. பேனா பிடித்தவனின் கையிற் காணப்பட்ட நோய் பத்தாண்டுகளுள் மட்டை பிடித்தவரின் பெயரைப் பெற்றுக்கொண்டது. அதற்கு முன்னரும் தச்சரும் கொல்லரும் சலவைத் தொழிலாளரும் இந்நோவை அனுபவித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அவர்களது முறைப்பாடு மருத்துவ ஏடுகளை எட்டவில்லை.

நோயின் இருப்பிடத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தும் தசைகள் பலவும் மேற்கை என்பின் வெளிப்புடைப்பு என்னும் சிறு மேட்டில் ஒன்றாகப் பற்றியிருக்கின்றன. அவற்றுள் ஆரை என்பின் பக்கமாக ஓடும் குறுந்தசையின் நாணே பெரும்பாலும் பழுதடைகின்றது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசை, பொருளைப் பற்றிப் பிடிக்கும்போது ஏன் துன்புறவேண்டும் என்னும் வினா எழலாம். விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டைக் கடந்து செல்கின்றன. ஆதலின் அவை சுருங்கும்போது மணிக்கட்டையும் உள்நோக்கி மடக்க முயல்கின்றன. அம்மடக்கத்தைத் தடுத்து நிறுத்துவன நிமிர்த்து தசைகளேயாகும். வாசகர் தமது வலக்கையை இறுகப் பொத்தி, இடக்கை விரல்களால் முழங்கைக்குச் சற்றுக் கீழே முன்கையின் மேற்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பாராயின், மணிக்கட்டு அசையாதபோதும் அத்தசைகள் திரண்டெழுவதை உணரலாம். இறுகப் பிடிக்கும் ஒவ்வொரு வேலையும் வெளிப்புடைப்பில் ஓர் இழுவையாக முடிகின்றது.

இனி மட்டைக்கு வருவோம். ரெனிஸ் பந்தின் திணிவு 56 முதல் 59.4 கிராம் வரையானது. அது மட்டையின் இழைகளைத் தொட்டு நிற்கும் நேரம் ஏறத்தாழ 4 அல்லது 5 மில்லிசெக்கன் மாத்திரமே. இந்நேரத்துள் மூளை எதையும் திருத்தவியலாது. பந்து தொடுவதற்கு முன்னர் கை எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே விசையை ஏற்கின்றது. பந்து மட்டையின் நடுவே படாது ஓரத்திற் படுமாயின் மட்டை கைக்குள்ளே சுழல முற்படும். அம்முறுக்கத்தை எதிர்ப்பதும் முன்கைத் தசைகளின் பொறுப்பாகின்றது. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தேர்ந்த ஆட்டக்காரரையும் புதியவரையும் ஒரு கையால் ஆடும் புறங்கை அடியில் ஒப்பிட்டது. தேர்ந்தவர் மணிக்கட்டைச் சற்று நிமிர்த்தியவாறு பந்தைச் சந்தித்தனர். புதியவரோ மணிக்கட்டை மடக்கியவாறு சந்தித்ததுடன், அடியின்போது அது மேலும் மடங்கவும் விட்டனர். சுருங்க முயலும் ஒரு தசை அதே கணத்தில் வலிந்து நீட்டப்படும்போது அதன் நாணில் ஏற்படும் தகைப்பு மிக அதிகமாகும். ரெனிஸ் முழங்கை பெரும்பாலும் நாற்பது வயதையடைந்த கழக ஆட்டக்காரரின் நோயாகவும், தொழில்முறை வீரரிடம் ஒப்பீட்டளவிற் குறைந்தும் காணப்படுவதன் விளக்கம் இதில் அடங்கியுள்ளது. இரு கைகளாலும் ஆடும் புறங்கை அடி பரவியமை இந்நோயைக் குறைக்க உதவிற்று எனலாம்.

கருவிகளைப் பற்றியும் சில சொல்லவேண்டும். மரமட்டைகள் 1980களிலே காரீயக் கரிநார் மட்டைகளுக்கு இடங்கொடுத்தன. புதிய மட்டை பாரங் குறைந்தது. ஆயினும் விறைப்பு மிக்கது. மாட்டின் குடலிலிருந்து செய்யப்பட்ட இழைகளின் இடத்தை 1990களின் இறுதி தொட்டுப் பொலியெஸ்ரர் இழைகள் பிடித்துக்கொண்டன. 1997இல் பிரெஞ்சுத் திறந்த போட்டியில் கஸ்ராவோ குவேர்ட்டன் பெற்ற வெற்றி அவற்றைப் புகழ்பெறச் செய்தது. பந்துக்கு மிகுந்த மேற்சுழற்சியைக் கொடுக்க அவை உதவுகின்றன. அதேவேளை அடியின் அதிர்ச்சியைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. வாரம் இருமுறை ஆடும் ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ தொலைக்காட்சியிற் காணும் வீரரின் இழையைத் தம் மட்டையிலும் பின்னுவித்தல் வீண் செலவு என்பதோடு நில்லாது, முழங்கைக்கும் கேடாகும். இழைகளுக்கிடையே செருகப்படும் சிறு இறப்பர்த் துண்டும் அத்தகையதே. அடியின் ஓசையை அது மாற்றுகின்றது. மட்டைச் சட்டத்திலிருந்து கைக்குச் செல்லும் அதிர்வை அது குறைப்பதாக அளவீடுகள் காட்டவில்லை. எனினும் முழங்கையைக் காக்கும் பொருளாக அது விற்பனையாகியே வருகின்றது.

நீண்ட காலமாக இந்நோய் ஓர் அழற்சியாகவே கருதப்பட்டது. அதன் இலத்தீன் பெயரும் அழற்சியையே குறிக்கின்றது. 1979இல் அமெரிக்கரான றொபேர்ட் நேர்ஷலும் பெற்றோனும் சத்திரசிகிச்சையின்போது அகற்றிய நாண் இழையங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இக்கருத்தை அசைத்தது. அழற்சிக்குரிய கலங்கள் அங்கு அரிதாகவே காணப்பட்டன. ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய கொலாஜன் நார்கள் குழம்பியிருந்தன. முதிராத நாரரும்பர்க் கலங்களும் ஒழுங்கற்ற நுண்குருதிக் குழாய்களும் அவ்விடத்தை நிரப்பியிருந்தன. மீண்டும் மீண்டும் ஏற்பட்ட நுண்கிழிவுகளைச் சீர்செய்ய உடல் முயன்று, அம்முயற்சி நிறைவுறாமல் நின்றுவிட்ட நிலை அது.

நாண் ஏன் இவ்வளவு மந்தமாக ஆறுகின்றது? தசையோடு ஒப்பிடுகையில் நாணுக்கு வரும் குருதி சொற்பம். அதன் கலங்களும் சில. இது தொடர்பாக டென்மார்க் ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஒரு முடிவு வியப்புக்குரியது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுக்குண்டுச் சோதனைகளால் காபன்-14இன் அளவு உலகெங்கும் உயர்ந்து, பின்னர் படிப்படியாகத் தாழ்ந்தது. உணவின் வழியே அது மனித இழையங்களிலும் பதிந்துள்ளது. இறந்தோரின் குதிநாணில் அக்காபனை அளந்தபோது, அந்நாணின் உட்பகுதி பதினேழு வயதளவில் உருவாகி முடிந்ததென்றும், அதன்பின் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படவில்லை என்றும் தெரியவந்தது. அவர்கள் அளந்தது குதிநாணையே. முழங்கை நாணுக்கும் அது அப்படியே பொருந்துமெனக் கொள்ள இயலாதாயினும், நாண் பழுதுகள் மாதக்கணக்கில் நீடிப்பதன் காரணத்தை இது ஒருவாறு உணர்த்துகின்றது.

நோயின் இயல்பு பற்றிய இக்கருத்து மாற்றம் சிகிச்சையையும் தொட்டது. கோட்டிசோன் வகை மருந்தை முழங்கையில் ஊசிமூலம் ஏற்றுதல் பல தசாப்தங்களாக வழக்கில் இருந்தது. நோயாளர் சில நாட்களிலேயே நோவு நீங்கி மகிழ்வர். 2002இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு 185 நோயாளரை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு ஊசி. இன்னொரு பிரிவினருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை. மூன்றாம் பிரிவினர் ஆலோசனையோடு காத்திருந்தனர். ஆறு வாரங்களின் பின் ஊசி பெற்றோரில் 92 வீதத்தினரும், பயிற்சி பெற்றோரில் 47 வீதத்தினரும், காத்திருந்தோரில் 32 வீதத்தினரும் தேறியிருந்தனர். இந்த இடத்தில் ஆய்வு முடிந்திருப்பின் ஊசியே வெற்றியென எழுதப்பட்டிருக்கும். ஆனால் 52 வாரங்களின் பின் கணக்கு தலைகீழாயிற்று: ஊசி பெற்றோர் 69 வீதம், பயிற்சி பெற்றோர் 91 வீதம், வெறுமனே காத்திருந்தோர் 83 வீதம். 2006இலும் 2013இலும் அவுஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஆய்வுகளும் இத்திசையிலேயே அமைந்தன. ஊசி பெற்றோரிடம் நோய் மீண்டும் தோன்றுதல் மிகுதியாயிருந்தது. நாம் இவ்வெண்களை விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. விரைவில் வேலைக்குத் திரும்பவேண்டிய நெருக்கடியில் உள்ளவரே ஊசியை முதலில் நாடுகின்றனர். ஓராண்டின் பின் அதன் விலையைச் செலுத்துபவரும் அவரே.

இன்று பெரிதும் பரிந்துரைக்கப்படுவது படிப்படியான சுமையேற்றமாகும். முன்கையை மேசைமேல் வைத்து, சிறு பாரமொன்றைப் பிடித்து, மணிக்கட்டை நிமிர்த்தி, பின்னர் மெதுவாகத் தாழ்த்துதல் அதன் எளிய வடிவம். தாழ்த்தும்போது தசை நீண்டவாறே வேலை செய்கின்றது. சிறு நோவு பொறுக்கத்தக்கது; மறுநாள் வரை நீடிக்கும் நோவு பாரம் மிகுந்ததற்கு அறிகுறி. பலன் தெரிய வாரங்கள் செல்லும்.

முழங்கையே ரெனிஸ் ஊறுகளின் முழுக்கதை என எண்ணிவிடலாகாது. எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பவை கால் ஊறுகளே. பொதுவாகக் கூறின், திடீரென நிகழும் ஊறுகள் காலிலும், நெடுங்காலம் சேர்ந்து வெளிப்படும் ஊறுகள் கையிலும் மிகுதி. பக்கவாட்டில் ஓடி நிற்கையில் பாதம் உட்புறமாகப் புரண்டு கணுக்காலின் வெளிப்பக்கப் பிணைநார் கிழிதல் மிகச் சாதாரணமானது. 1883இலேயே விவரிக்கப்பட்ட 'ரெனிஸ் கால்' என்பதோ கெண்டைக்காலின் உட்பக்கத் தசை நாணோடு சேருமிடத்திற் கிழிவதாகும். ஆட்டக்காரர் தம் கெண்டைக்காலிற் பின்னாலிருந்து யாரோ பந்தால் எறிந்துவிட்டதாக எண்ணித் திரும்பிப் பார்ப்பார். அங்கே ஒருவரும் இரார். நெடுங்காலம் இது வேறொரு மெல்லிய தசையின் அறுதலாகவே பிழையாகக் கொள்ளப்பட்டது.

தோள் பற்றிச் சற்று நின்று நோக்குதல் தகும். 'சேர்விஸ்' எனப்படும் தொடக்க அடியிலே தேர்ந்த வீரரின் மேற்கை செக்கனுக்கு 2000 பாகைக்கு மேற்பட்ட கோணவேகத்தில் உட்புறமாகச் சுழல்கின்றது. இச்சக்தி முழுவதும் தோளிற் பிறப்பதன்று. ஏறத்தாழ அரைப்பங்கு காலிலும் இடுப்பிலும் நடுவுடலிலும் தோன்றி மேலேறி வருகின்றது. முழங்காலை மடக்காமல், நடுவுடலைத் திருப்பாமல் அடிப்பவர் அதே வேகத்தைப் பெற விரும்பின், குறையும் பங்கைத் தோளும் முழங்கையும் ஈடுசெய்தாகவேண்டும். அடித்த பின் கையை நிறுத்துவதோ தோட்பட்டையின் பின்னுள்ள சிறு சுழற்றித் தசைகளின் வேலை. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு ஆடியோரின் தோளில் வெளிச்சுழற்சி கூடி உட்சுழற்சி குறைகின்றது. மூட்டினுள் நாண்கள் நசிபடத் தொடங்குகின்றன. மரியா ஷரபோவா 2008 ஒக்டோபரிலே தோளிற் சத்திரசிகிச்சை பெற்றபோது அவருக்கு வயது 21. அதன்பின் அவரது சேர்விஸ் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை என்பதே எமது கணிப்பு.

உடல் சுமையால் அழிவது மாத்திரமன்று, கட்டமைக்கவும் படுகின்றது என்பதற்கு ரெனிஸ் வீரரின் கையே சிறந்த சான்றாயிற்று. மற்றக் கை ஒப்பீட்டுக்குத் தயாராக அதே உடலில் உள்ளமையால் என்பியலார் இவ்வீரரை விரும்பி ஆராய்ந்தனர். 1977இல் வெளிவந்த ஆய்வொன்றில் 84 தொழில்முறை ஆட்டக்காரரின் எக்ஸ்-கதிர்ப் படங்கள் அளக்கப்பட்டன. ஆடும் கையின் மேற்கை என்புச் சுவர் ஆண்களில் 34.9 வீதமும் பெண்களில் 28.4 வீதமும் தடித்திருந்தது. பருவமெய்துவதற்கு முன் ஆடத் தொடங்கிய பெண்களில் இப்பயன் பின்னர் தொடங்கியோரிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்று 1995இல் பின்லாந்து ஆய்வாளர் காட்டினர்.

ஆனால் இளமையில் தொடங்குதலுக்கு மறுபக்கமும் உண்டு. 2007இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுநோவு எதுவுமில்லாத 33 இளம் உயர்நிலை ஆட்டக்காரரின் இடுப்பு முள்ளந்தண்டு காந்தப் பரிவுப் படமாக எடுக்கப்பட்டது. 28 பேரில் ஏதோவொரு மாற்றம் காணப்பட்டது. ஒன்பது பேரில் முள்ளென்பு வளைவின் ஒடுங்கிய பகுதியிற் பழுது இருந்தது. நோவில்லாத சிறுவரே இவர்கள் என்பதை மனங்கொள்ள வேண்டும். சேர்விஸ் அடிக்கையில் முதுகு பின்வளைந்து ஒருபுறம் சாய்ந்து சுழல்கின்றது. வளர்ச்சி முற்றுப்பெறாத என்பில் இவ்வசைவு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் நிகழ்வதன் விளைவாகவே இதனை விளக்குகின்றனர். ரேசி ஒஸ்ரின் 1979இல் தமது 16ஆம் வயதில் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றார். முதுகு உள்ளிட்ட ஊறுகளால் 1983ஆம் ஆண்டளவிலேயே முதன்மை ஆட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. 1980இல் 14 வயதில் தொழில்முறைக்கு வந்த அன்றியா ஜேகர் தோள் ஊறினால் இருபது வயதை ஒட்டியே ஒதுங்கினார். இளம் பெண்கள் ஓராண்டில் எத்தனை போட்டிகளில் ஆடலாம் என்பதற்கு வயதடிப்படையிலான வரையறை 1995இல்தான் நடைமுறைக்கு வந்தது. பரிசுப்பணமும் விளம்பரப்பணமும் பெருகிய அக்காலத்தில் பிள்ளையின் முள்ளந்தண்டைக் காக்க ஒரு விதி வர இத்தனை ஆண்டு சென்றமை தற்செயலன்று என நாம் கருதுகின்றோம்.

தொழில்முறை வீரர் என்போர் உடலையே உற்பத்திக் கருவியாகக் கொண்டோர். 2009இல் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்ற ஜுவான் மார்ட்டின் டெல் பொற்றோ 2010இல் வலது மணிக்கட்டிலும், 2014இலும் 2015இலும் இடது மணிக்கட்டிலும் சத்திரசிகிச்சை பெற்றார். 2018இல் முழங்காற் சில்லு உடைந்தது. 2022இல் ஏறத்தாழ விடைபெறும் ஆட்டத்தை ஆடினார். அன்டி மறே 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டின் பரப்புக்கு உலோகம் பொருத்துவித்து, அதே ஆண்டு ஒக்டோபரில் அன்ற்வேர்ப்பில் ஒற்றையர் பட்டத்தை வென்றார். இவ்வெற்றியைச் செய்தித்தாள்கள் மனவுறுதியின் கதையாக எழுதின. அது உண்மையே. ஆயினும் தனிப்பட்ட உடற்பயிற்சியாளரையும் முதற்தரச் சத்திரசிகிச்சையாளரையும் அமர்த்தவல்ல ஒருவரின் கதையும் அதுவேயாகும். தரவரிசையில் இருநூறுக்குக் கீழுள்ள ஒருவருக்கு ஆடாத வாரம் வருமானமற்ற வாரமாகும். ஆண்களின் தொழில்முறைச் சங்கம் முதல் 250 இடத்தினருக்குக் குறைந்தபட்ச வருமானத்தை உறுதிசெய்யும் திட்டமொன்றை 2024இலேயே தொடங்கிற்று. திறந்த ஆட்டக்காலம் தொடங்கியதோ 1968இல்.

மீண்டும் முழங்கைக்கு வருவோம். வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இந்நோவு உடையோர் எனவும், அவர்களுள் ரெனிஸ் ஆடுவோர் பத்து வீதத்துக்கு மேற்படார் எனவும் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. எமது பகுதியினர் பலர் இப்பெயரை அறிந்ததே 2004இல் சச்சின் டெண்டுல்கர் என்னும் கிரிக்கெற் வீரர் வாயிலாகத்தான். எஞ்சியோர் திருகாணி முடுக்குவோர், இறைச்சி வெட்டுவோர், குழாய் பொருத்துவோர், தைப்போர், துணி பிழிவோர். 1997இல் அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, அசைவு திரும்பத் திரும்ப நிகழ்வதை மாத்திரம் காரணமாகக் கொள்ளப் போதிய சான்று இல்லை என்றும், விசையும் திரும்பநிகழ்தலும் வசதியற்ற நிலையும் சேருமிடத்துச் சான்று வலிமையானது என்றும் கூறிற்று. மடங்கிய மணிக்கட்டோடு புறங்கை அடி ஆடும் புதியவரிடம் நாம் கண்டதும் இச்சேர்க்கையையே.

சிகிச்சை அறையில் இருவருக்கும் ஒரே அறிவுரை வழங்கப்படுகின்றது: கையை வருத்தும் வேலையைச் சில வாரம் தவிர்க்கவும். கழக ஆட்டக்காரர் மாலைப் பொழுதை வேறுவிதமாகக் கழிப்பார். நாட்கூலி பெறுபவரோ அறிவுரையைக் கேட்டுக்கொண்டு மறுநாளும் அதே கருவியைப் பிடிப்பார். நோவு தரும் இயக்கத்தை முற்றாக நிறுத்தாமல், கைப்பிடியைத் தடிப்பாக்குதல், பாரத்தை உள்ளங்கை மேல்நோக்கியிருக்கத் தூக்குதல், மந்தமான கத்தியைத் தீட்டிக்கொடுத்தல், ஒரே இறுக்கு வேலையை நாள் முழுதும் ஒருவரிடம் விடாது மாற்றிக் கொடுத்தல் போன்றவற்றால் சுமையைக் குறைக்கலாம். இவற்றுட் பெரும்பாலானவை தொழிலாளியின் கையில் இல்லை; வேலைத்தலத்தை நடத்துபவரின் கையில் உள்ளன. சர்வதேசத் தொழில் தாபனம் தனது தொழில்நோய்ப் பட்டியலை 2010இல் திருத்தியபோது, விசையோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் முழங்கைப் புடைப்பு நோயை அதிற் சேர்த்துக்கொண்டது. அப்பட்டியல் நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. நட்டஈட்டுச் சட்டங்களை ஆக்குவோருக்குரிய வழிகாட்டியே. அதனைப் பயன்படுத்தவேண்டுமாயின் நோயாளியின் வேலை யாது, எக்கருவியை நாளுக்கு எத்தனை மணிநேரம் பிடிக்கின்றார் என்னும் விபரம் மருத்துவக் குறிப்பேட்டில் முதல் நாளே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.